கல்ல யாரும் எடுக்கல: ஒரு சின்ன த்ரில்லர் படத்தின் டீசர் போஸ்டர்கள் உருவான விதம்

தருமபுரி வட்டாரத்திலேயே எடுக்கப்பட்ட ஒரு த்ரில்லர் படத்துக்கு டீசர் போஸ்டர்கள் செய்துகொடுத்தேன். படத்தில் தெரிந்த முகம் என்று யாரும் கிடையாது. படத்தின் பெயரைத் தயாரிப்பாளர் இன்னும் அறிவிக்கவில்லை என்பதால் இங்கேயும் பெயர் வராது. மற்றபடி, எப்படி யோசித்தோம், எதைத் தள்ளினோம், அச்சில் என்ன செய்தோம் என்பதையெல்லாம் எழுதிக்கொள்ளச் சொல்லி விட்டார்கள். சின்னப் படம் எடுக்கிற பலருக்கும் போஸ்டர் என்பது எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் மிச்சமிருக்கும் காசில் செய்கிற வேலையாகவே இருக்கிறது. அந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகத்தான் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

கதைச் சுருக்கம் இவ்வளவுதான். மாங்காய் சீசன். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து பெங்களூரா மாங்காய் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற லாரி, ராத்திரியில் தொப்பூர் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால் சரிவில் நிற்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போகிறார். கோடை மழை பிடித்துக்கொள்கிறது. மழை விட்டதும் திரும்பி வந்து பார்த்தால் லாரியும் இல்லை, அதில் படுத்திருந்த கிளீனர் பையனும் இல்லை. பக்கத்தில் பங்க்சர் கடை நடத்துகிற ஒரு பெண் அதைத் தேடத் தொடங்குகிறாள்.

முகம் வைத்த போஸ்டர்

என்னிடம் வருவதற்கு முன்பே படக்குழுவிடம் ஒரு போஸ்டர் இருந்தது. டிரைவராக நடித்தவரின் முகம், பாதி இருட்டில், கறுப்பு வெள்ளையில். கீழே ஒரு வரி. கம்ப்யூட்டர் திரையில் பார்க்க நன்றாகவே இருந்தது. அதை ஏ3 தாளில் எடுத்துக்கொண்டு தருமபுரி பேருந்து நிலையம் பக்கம் போய், போஸ்டர்கள் நிறைந்த ஒரு சுவரில் பிடித்துப் பார்த்தோம். பக்கத்தில் இருந்தவை: ஒரு காதணி விழா, இரண்டு கட்சிக் கூட்டங்கள், ஒரு பூப்புனித நீராட்டு விழா, மூன்று கண்ணீர் அஞ்சலி. அந்த வழியாக வந்த ஒரு அம்மா நின்று, “யாரு தம்பி இது, எந்த ஊரு? சின்ன வயசா இருக்குதே” என்று வருத்தமாகக் கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். கறுப்பு வெள்ளையில் ஒரே முகம், கீழே ஒரு வரி என்றால் எங்கள் ஊர்ச் சுவரில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். இயக்குநரின் முகம் வாடிப்போனாலும் அந்த இடத்திலேயே அந்த வடிவத்தைக் கைவிட்டுவிட்டார்.

இதை எல்லாச் சின்னப் படக்காரர்களும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். போஸ்டரைத் திரையில் தனியாகப் பார்க்காதீர்கள். அது கடைசியில் போய் உட்காரப்போகிற சுவரில் பிடித்துப் பாருங்கள். நம் ஊர்ச் சுவர் முழுக்க முகம்தான். தலைவர்கள், மணமக்கள், காது குத்துகிற குழந்தை, இறந்துபோன பெரியவர், வாழ்த்துச் சொல்லும் மாமன் மச்சான் வரிசை. இதற்கு நடுவில் பெரிய நடிகரின் முகம் வந்தால், ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரியும், ஏனென்றால் அந்த முகம் ஏற்கெனவே மனதில் பதிந்தது. புதுமுகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்படியானால் இந்தச் சாலையில் போய்வருகிற ஆட்களுக்கு முன்பே தெரிந்த பொருள் எது? அதைத்தான் தேட வேண்டும்.

கல்

இயக்குநர் எனக்குக் கதையைக் காட்சி காட்சியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். லாரி நிற்கிறது, கிளீனர் இறங்கி முன்சக்கரத்துக்குக் கல் வைக்கிறான், டிரைவர் இறங்கிப் போகிறார் என்று ஓட்டமாகச் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குத் தாவினார்.

“அந்தக் கல்லு அப்புறம் என்ன ஆச்சுப்பா?” என்றேன்.

“அது எங்கண்ணா போகும், அங்கயேதான் கிடக்கும்” என்றார்.

சொல்லி முடித்ததும் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரிவில் லாரியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல், வண்டி உருளக்கூடிய பக்கத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து ஒரு கல் வைப்பார்கள். கிளம்பும்போது கிளீனர் அதை எடுத்து ஓரமாகப் போட வேண்டும். பல நேரம் போடுவதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் அப்படிக் கைவிடப்பட்ட கற்களை லாரிக்காரர்கள் மட்டுமல்ல, இருசக்கர வண்டியில் போகிறவர்களும் நன்றாக அறிவார்கள். பின்னால் வைத்த கல் கிடந்தால் மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் இறக்கத்தைப் பார்த்து நிற்கிற வண்டியின் முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்த கல், வைத்த இடத்திலேயே அசையாமல் இருக்கிறது, வண்டியை மட்டும் காணோம் என்றால்? வண்டி கல்லைத் தாண்டி முன்னால் போயிருக்க முடியாது. அப்படியானால் எப்படிப் போனது?

மழையும் கதையிலேயே இருக்கிறது. லாரி நின்ற இடத்துக்குக் கீழே தார் நனைந்திருக்காது. லாரி போன பிறகு நனைந்த சாலையில் ஒரு நீள்செவ்வகம் மட்டும் காய்ந்து வெளிறிக் கிடக்கும். அதன் ஓரத்தில் கல்.

இதுதான் முதல் போஸ்டர். ஆள் இல்லை, லாரி இல்லை, ரத்தம் இல்லை. லாரி இருந்த இடமும் அதைத் தடுத்து நிறுத்திய கல்லும் மட்டும். பார்ப்பவரில் பாதிப்பேருக்கு ஏதோ வெறிச்சென்ற சாலை என்றுதான் படும். லாரி ஓட்டியவர், ஓட்டுபவரின் வீட்டார், டிராக்டர் வைத்திருப்பவர் மட்டும் நின்று பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு விளக்கிச் சொல்வார்கள். அந்த விளக்கம்தான் விளம்பரம். குறைந்த செலவுப் படத்துக்கு டீசர் போஸ்டர் செய்ய வேண்டிய வேலை இதுவென்றே நான் நினைக்கிறேன்: ஊர்க்காரருக்குப் பாதி பதில் தெரிந்த ஒரு கேள்வியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். மீதியை அவரே நாலு பேரிடம் பேசிக்கொள்வார்.

இயக்குநர் அதன் பிறகு திரைக்கதையில் கல்லுக்கு இன்னும் இரண்டு இடம் கொடுத்தார். படப்பிடிப்பு முடிவதற்கு முன்பே போஸ்டர் பேச்சை எடுத்ததால்தான் இது முடிந்தது.

தள்ளிவைத்தவை

குழுவில் ஒருவர் “காணவில்லை” நோட்டீஸ் அடிக்கலாம் என்றார். கிளீனராக நடித்த பையனின் படம், வயது, அடையாளம், தொடர்பு எண் என்று நிஜ நோட்டீஸ் போலவே. 1999ல் வந்த ஒரு குறைந்த செலவு அமெரிக்கத் திகில் படம் நடிகர்களைக் காணாமல் போனவர்களாகக் காட்டி நோட்டீஸ் கொடுத்துப் பெரிய வெற்றி பெற்றது உண்மைதான். நான் கடுமையாக மறுத்தேன். நம் பேருந்து நிலையங்களில் ஒட்டியிருக்கும் காணவில்லை நோட்டீஸ்களில் மனநிலை சரியில்லாத அப்பாக்களும் வீட்டை விட்டுப் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த நோட்டீஸை நம்பித்தான் ஒரு குடும்பம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பொய் நோட்டீஸ் நாலு ஒட்டினால், அடுத்து ஒட்டப்படும் நிஜ நோட்டீஸையும் ஜனங்கள் படம் என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். படம் ஓடுவதற்காக அதைச் செய்யக் கூடாது.

விபத்துக் காட்சி வேண்டாம் என்பதும் அதே காரணத்தால்தான். தொப்பூர் கணவாய் இந்தியாவின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலையான 44ல் வருகிறது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் நீண்ட இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிற பழக்கமும் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதும் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன. இந்த மாவட்டத்தில் அந்தச் சாலையில் யாரையாவது இழந்த குடும்பம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கும். நசுங்கிய லாரியை அவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு வர எங்களுக்கு மனம் வரவில்லை. கூடவே இன்னொரு முடிவும் எடுத்தோம்: கணவாயில், அதாவது இறக்கத்தில் வண்டி ஓட்டுகிறவரின் கண் படும் எந்த இடத்திலும் ஒரு போஸ்டர்கூட ஒட்டக் கூடாது. படத்தின் களமே அதுதான் என்றாலும் சரி.

நடுகல் யோசனை இயக்குநருடையது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் நடுகல் நிறைந்த மண். ஆநிரை மீட்கப் போய் இறந்த வீரனுக்கு எடுத்த கற்கள், வட்டெழுத்துப் பொறித்தவை, தருமபுரி அருங்காட்சியகத்திலேயே வரிசையாக இருக்கின்றன. லாரிக்கு முட்டுக் கொடுத்த கல்லையே நட்டுவைத்து மாலை போட்டால் எப்படி இருக்கும் என்றார். அழகான எண்ணம். ஆனால் மாலை விழுந்த கல்லைப் பார்த்த நொடியே கிளீனர் பையன் செத்துவிட்டான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். படத்தின் பாதி உயிர் அவன் இருக்கிறானா இல்லையா என்பதில்தான். எனவே தள்ளிவைத்தோம்.

பீடி பிடிக்கிற டிரைவர் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரைப்பட போஸ்டரில் புகையிலையைக் காட்டுவது விதிப்படியே கூடாது. 2018ல் ஒரு பெரிய நடிகரின் முதல் பார்வைப் போஸ்டரே சிகரெட்டால் சுகாதாரத் துறையின் நோட்டீஸுக்கு ஆளானது. அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள், சின்னத் தயாரிப்பாளரால் முடியாது.

படம் எடுத்த ராத்திரி

படத்தின் காட்சியிலிருந்தே ஒரு ஃபிரேமை எடுத்துப் போஸ்டர் செய்துவிடலாமே என்று தயாரிப்பாளர் கேட்டார். செலவு மிச்சம்தான். கணக்குப் போட்டுக் காட்டினேன். 4கே ஃபிரேம் ஒன்றின் அளவு 3840க்கு 2160 பிக்சல், அதுவும் படுக்கைவாட்டில். நமக்கு வேண்டியது 20க்கு 30 அங்குல நெட்டுவாட்டுப் போஸ்டர். அந்த ஃபிரேமை நெட்டுவாட்டில் வெட்டினால் கிடைப்பது 1440க்கு 2160. அதை 30 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 72 பிக்சல்தான். முகமாவது தப்பிக்கும், தார்ச்சாலையின் பொடிக்கல் எல்லாம் மாவாகிவிடும். சாதாரண 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் ஒன்றை நெட்டுவாட்டில் பிடித்தால் 4000க்கு 6000 கிடைக்கிறது. அதே போஸ்டரில் அங்குலத்துக்குச் சரியாக 200. சுவர் போஸ்டருக்கு அது தாராளம். கேமராவும் குழுவில் ஒருவரிடமே இருந்தது.

நெடுஞ்சாலையில் எடுக்கவில்லை. நல்லம்பள்ளிப் பக்கம் போக்குவரத்து அதிகம் இல்லாத ஒரு கிராமச் சாலையில், ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, இருட்டிய பிறகு எடுத்தோம். பகலில் முயற்சி செய்தால் தார் சூட்டில் ஊற்றிய தண்ணீர் கண்ணெதிரே காய்ந்துவிடும்.

லாரி அகலம் சுமார் எட்டடி. அந்த அகலத்தில் லாரித் தார்ப்பாயை மடித்துச் சாலையில் விரித்து, சுற்றிலும் டிராக்டர் டேங்கர் குழாயால் மழை போலத் தூவினோம். அப்புறம் நாலு மூலையையும் ஒரே நேரத்தில் தூக்கினால் காய்ந்த செவ்வகம் தெரியும். முதலில் தெரிந்தது மிகவும் நேர்த்தியான செவ்வகம். அளவுகோல் வைத்து வரைந்தது போல இருந்ததால் நம்பும்படி இல்லை. சரிவான சாலையில் மழைத் தண்ணீர் மேலிருந்து ஓடிவந்து லாரிக்கு அடியிலும் இரண்டு மூன்று கோடாக நுழையும். அதனால் தார்ப்பாயைத் தூக்கிய பிறகு மேல்பக்க விளிம்பில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாகச் சாய்த்தோம். அது வளைந்து வளைந்து காய்ந்த தாரைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. சாலை சரிவு என்பதையும் அந்தத் தண்ணீர்க் கோடுகளே காட்டிக்கொடுத்தன. கூடுதலாகப் பின்னணியில் ஒரு மின்கம்பம் நேராக நிற்கும்படி கேமராவை வைத்தோம். நேரான கம்பம் ஒன்று இருந்தால்தான் சாய்ந்த சாலை சாய்ந்ததாகத் தெரியும்.

விளக்குத்தான் அன்று நேரம் எடுத்தது. ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியின் ஹெட்லைட்தான் எங்கள் முதன்மை விளக்கு. அதைச் சாலையின் எதிர்ப்பக்கம், கேமராவைப் பார்த்தபடி நிறுத்தினால் நனைந்த தார் கண்ணாடியாக மின்னி வெள்ளையாகவும், காய்ந்த செவ்வகம் கறுப்பாகவும் ஆனது. எங்களுக்கு வேண்டியது நேர்மாறு. வண்டியைக் கேமரா பக்கத்துக்கே கொண்டுவந்து, ஓரமாக, விளக்கு தரையைத் தடவுவது போல் நிறுத்தினோம். நனைந்த தார் கன்னங்கரேலென்று அடங்கியது, காய்ந்த தார் சாம்பல் நிறத்தில் எழும்பியது. ஒவ்வொரு ஜல்லிக்கும் பின்னால் ஒரு சின்ன நிழல். முக்காலியில் கேமரா, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, சில நொடிகள் திறந்து வைத்த ஷட்டர். குவியம் கல்லில்.

கல்லைச் செவ்வகத்தின் முன்முனையில், ஓரக் கோட்டின் மேல் வைத்தோம். பாதி காய்ந்த தாரில், பாதி நனைந்த தாரில். சக்கரம் லாரியின் வெளி விளிம்பில் இருப்பதால் பெரிய கல் எப்போதும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். இந்தச் சின்ன விஷயம் இரண்டாவது போஸ்டரில் பெரிதாகக் கைகொடுத்தது. கல்லின் ஒரு பக்கத்தில் டயர் ரப்பர் அழுந்திய கறுப்புத் தடம் இருக்க வேண்டும் என்று கலை இயக்குநர் பிடிவாதமாக நின்று, ஒரு பழைய லாரி டயரின் துண்டை வைத்துத் தேய்த்து அதைக் கொண்டுவந்தார். போஸ்டரை ஒரு முழ தூரத்தில் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். அப்படிப் பார்க்கிறவருக்காகத்தான் இந்தப் போஸ்டரே.

எழுத்து

வாசகம் நாலைந்து இருந்தது. “மர்மம் தொடர்கிறது” வகையறாவை எல்லாம் அடித்துவிட்டு “கல்ல யாரும் எடுக்கல” என்பதை வைத்துக்கொண்டோம். ஒரு டிரைவர் போலீசிடம் பரிதாபமாகச் சொல்கிற குரல் அதில் இருக்கிறது. எழுத்து வழக்கில் திருத்தினால் குரல் போய்விடும்.

அதைக் கம்ப்யூட்டர் எழுத்துருவில் போடவில்லை. லாரிகளின் பின்பலகையில் ‘ஒலி எழுப்பவும்’ எழுதுகிற ஒரு பெரியவரைப் பிடித்தோம். ஸ்டிக்கர் வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துவிட்டது. பிளைவுட் பலகையில் எனாமல் பெயிண்டில் எழுதிக் கொடுத்தார். மூன்று ‘ல’வும் ஒரே மாதிரி இல்லை, ‘க’வின் வால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு நீளம். “ஐயா, இதுல கொஞ்சம் அலங்காரம் கம்மி பண்ணலாங்களா?” என்று இயக்குநர் கேட்டதற்கு, “வண்டிக்குப் பின்னாடி வர்றவன் படிக்கணும் தம்பி, அதுக்குத்தான் எழுத்து. நீங்க சொல்றது சரிதான்” என்று நிழலை எடுத்துவிட்டு மறுபடி எழுதினார். அவருக்கு உரிய கூலியையும் கொடுத்து, போஸ்டரின் அடியில் பெயரையும் போட்டோம்.

சின்ன எழுத்துகளுக்குக் கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் ஹிந்த் மதுரை எழுத்துரு போதுமானதாக இருந்தது. திறந்த உரிமம் உள்ளது, வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. புதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தமிழ் யுனிகோடை அப்படியே ஒட்டினால் சில சமயம் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான பொறியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எல்லா எழுத்தையும் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றி பிடிஎஃப்பாகவே கொடுங்கள். பல அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களே ஓடுகின்றன, உங்கள் எழுத்துரு அங்கே இருக்காது.

அச்சு

போஸ்டருக்கென்று ஒதுக்கியிருந்த தொகை ஒரு நாள் படப்பிடிப்புச் சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவு. நாலு வண்ணத்தில் அடித்தால் நாலு பிளேட், அதாவது வண்ணத்துக்கு ஒரு அச்சுத் தகடு. த்ரில்லர் என்றாலே கருநீலமும் சிவப்பும் என்று ஆகிவிட்ட காலம் இது. அந்தக் கருநீலம் வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில்தான் எடுபடும். சுவரில் ஒட்டுகிற மெல்லிய மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சிப் பரத்திவிடும், இருட்டில் இருக்கும் நுணுக்கமெல்லாம் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும்.

எனவே இரண்டே வண்ணம்: கறுப்பு, அப்புறம் பழைய சோடியம் தெருவிளக்கின் ஆரஞ்சு கலந்த மஞ்சள். பிளேட் இரண்டு போதும். கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடிக்கிற உள்ளூர் அச்சகத்திலேயே முடிந்துவிட்டது, சிவகாசிக்கு அலைய வேண்டியதில்லை. படத்தை முதலில் கறுப்பு வெள்ளையாக்கி, நுணுக்கத்தையெல்லாம் கறுப்பு பிளேட்டில் வைத்தோம். மஞ்சள் பிளேட் லேசான பூச்சாகச் சாலை முழுவதும் படரும், கல்லின் மேல்முகத்தில் மட்டும் மஞ்சள் கிடையாது, வெறும் தாளின் வெள்ளை. இருட்டில் கறுப்பின் அடர்த்தி 85 சதவீதத்துக்கு மேல் எங்கே போனாலும் முழுக் கறுப்பாகத்தான் அச்சாகும் என்று வைத்துக்கொண்டு, தெரிய வேண்டிய ஜல்லி நிழல்களை எல்லாம் அதற்குக் கீழே இழுத்து வைத்தேன். திரையில் பார்க்கச் சாயம் போன படம் போல இருந்தது. தாளில் சரியாக வந்தது.

சின்ன இயந்திரத்தில் இரண்டு வண்ணமும் மயிரிழை விலகாமல் விழும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் வாசகத்தை இரண்டு வண்ணமும் சேர்ந்து உருவாகிற எழுத்தாக வைக்காமல், காய்ந்த செவ்வகத்தின் வெளிறிய பரப்பில் தனிக் கறுப்பாக அச்சடித்தோம். லாரி நின்றிருந்த இடத்திலேயே டிரைவரின் பேச்சு உட்கார்ந்துகொண்டது. ஆயிரம் பிரதிக்குக் கீழே, பிளேட் வைத்து அடிக்கிற இந்த ஆஃப்செட் அச்சு கட்டுப்படியாகாது என்பதால் ஆயிரம் அடித்தோம்.

ஒட்டியது

எங்கே ஒட்டுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருந்தது. அனுமதியில்லாமல் பொதுச் சுவரில் ஒட்டுவதற்கு எதிராக 1959ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அதை விடவும் முக்கியம், பொதுச் சுவரில் ஒட்டினால் பார்ப்பவர் நிற்க மாட்டார். நிற்கிற இடத்தில் ஒட்ட வேண்டும். பங்க்சர் கடை, லாரி ஷெட், பாடி கட்டும் பட்டறை, சர்வீஸ் சாலை டீக்கடை, பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி மண்டி, கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி. கடைக்காரரிடம் கேட்டு, அவர் சொன்ன இடத்தில், பெரும்பாலும் பெஞ்சுக்கு எதிரே.

தியேட்டர் சுவர்களுக்கு மட்டும் கிழமை பார்த்தோம். புதுப் பட போஸ்டர்கள் வியாழன் ராத்திரியில் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். ஞாயிறு ராத்திரி ஒட்டினால் நாலு நாளாவது உயிரோடு இருக்கும். ஒட்டுகிற ஆட்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்துகொண்டார்கள். அது இல்லாவிட்டால் மாடு தின்றுவிடும்.

போனுக்கான வடிவத்தைத் தனியாகச் செய்தோம். சுவர் போஸ்டரை அப்படியே சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கல் ஒரு புள்ளியாகிவிடுகிறது. 1080க்கு 1350 அளவில், கல்லை நெருங்கி வெட்டி, செவ்வகத்தின் ஒரு மூலை மட்டும் தெரியும்படி வைத்தோம். க்யூஆர் கோடு, ஹேஷ்டேக் எதுவும் முதல் போஸ்டரில் வேண்டாம் என்பது என் கருத்து. கேள்வி கேட்கிற முகத்தில் முகவரி ஒட்டக் கூடாது.

வந்த பதிலும் இரண்டாவது போஸ்டரும்

டீக்கடைகளில் நாங்களே உட்கார்ந்து கேட்டோம். நினைத்தபடியே டிரைவர்கள்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். “கல்லு முன்னாடி இருக்குது, வண்டி எப்படிய்யா போச்சு?” என்று ஒருவர் ஆரம்பித்தால் பெஞ்சே சேர்ந்துகொண்டது. பின்னாலிருந்து வேறு லாரி கட்டி இழுத்திருப்பான் என்பது ஒரு கட்சி. கிரேன் வைத்துத் தூக்கியிருப்பான் என்பது இன்னொன்று. மூன்றாவது கட்சியின் யோசனையைத்தான் நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை: லாரி சாதாரணமாகத்தான் போயிருக்கிறது, கல்லை யாரோ பிறகு கொண்டுவந்து வைத்திருக்கிறான், ஆளை ஏமாற்ற.

படத்தின் கதைப்படி அது தவறு. ஆனால் போஸ்டரை மட்டும் பார்ப்பவருக்கு அது முழுக்க முழுக்கச் சாத்தியம். இயக்குநர் உற்சாகமாகிவிட்டார். இரண்டாவது போஸ்டருக்குத் தார்ப்பாயும் முடிச்சும் என்று முன்பு திட்டமிட்டிருந்ததைக் கைவிட்டு, அந்தக் கட்சிக்குப் பதில் சொல்ல முடிவுசெய்தோம்.

கல் பாதி நனைந்த தாரில் இருந்ததே, அதுதான் பதில். மழைக்குப் பிறகு வைத்த கல்லாக இருந்தால் அந்தப் பாதிக்கு அடியில் ஈரம் இருக்கும். மழைக்கு முன்பே இருந்த கல்லாக இருந்தால் காய்ந்திருக்கும். இரண்டாவது போஸ்டரில் ஒரு பெண்ணின் கை, கிரீஸ் படிந்த நகங்களோடு, கல்லை ஓரமாகச் சாய்த்துத் தூக்குகிறது. நனைந்த பக்கம் முழுக்கக் கறுப்பு. கல் இருந்த இடத்தில் கல்லின் வடிவத்திலேயே வெளிறிய தார். வாசகம்: “அடியில ஈரம் இல்ல.” அதே பெரியவரின் எழுத்து, அதே இரண்டு வண்ணம்.

கையும் கிரீஸும் வந்ததில் பங்க்சர் கடைப் பெண் யாருக்கும் அறிமுகம் செய்யாமலே கதைக்குள் வந்துவிட்டாள். முன்பு கல்லைப் பற்றிப் பேசியவர்கள் இப்போது அவளைப் பற்றிப் பேசினார்கள். யார், போலீசா, வண்டிக்காரன் பொண்ணா என்று. நடித்த பெண்ணின் நகத்துக்குள் இருந்தது நிஜ கிரீஸ். ஒரு பங்க்சர் கடையில் டியூப் ஒட்டப் பழகிவிட்டு நேராகப் படமெடுக்க வந்திருந்தார். அந்த விரல்களைக் கம்ப்யூட்டரில் மெருகேற்ற வேண்டாம் என்று நான் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன்.

தயாரிப்பாளருக்கு ஒரு ஆதங்கம் இருந்தது. காசு போட்டவர் பெயர் இரண்டு போஸ்டரிலும் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. அவர் சொந்தக்காரர்களும் அதையே கேட்டார்களாம். அவர் நிலையில் அது இயல்பான வருத்தம். நிலத்தை அடமானம் வைத்துப் படம் எடுத்தவர் அவர். மூன்றாவது போஸ்டரில் பெயர்கள் எல்லாம் உரிய அளவில் வரும் என்று ஒப்புக்கொண்டோம், அவரும் இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டார்.

மூன்றாவது இப்போது வேலையில் இருக்கிறது. தலைப்பு வரும், பெண்ணின் முகமும் வரும், கல் அவள் கையில் இருக்கும். தணிக்கைச் சான்றிதழ் கிடைத்ததும் அந்த வகையைச் சேர்த்துத்தான் வெளியீட்டுப் போஸ்டர் அச்சாகும். 2024 விதிகளுக்குப் பிறகு யுஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்துவிட்டதால், எது கிடைத்தாலும் உட்காரும்படி கீழ் வலது மூலையில் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். லாரி எழுத்துப் பெரியவர் தலைப்புக்கான பலகையை ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.